படிப்புக்காக வாங்கிய பெட்டி

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் யாருக்காக வாங்கியது? அவசரப்படாமல் சொல்லுங்கள். "பசங்க படிப்புக்குத்தான் சார்" என்று வாய் தானாகவே முந்திக்கொண்டதா? அப்படியானால் உங்களிடம் ஓர் உயிரினத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. இந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் தாம்பரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொசுவைவிட வேகமாகப் பெருகிவரும் இனம் அது. பெயர், அப்கிரேடு அப்பா.

சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் வேதாசலத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். கிண்டியில் குமாஸ்தா வேலை. மகள் காந்திமதி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்ததைச் சாக்காக வைத்து, எங்கோ கழித்துப்போட்ட பழைய 486 பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். வந்த அன்றே, மகளின் படிப்பை முன்னிட்டு, அதில் ஒரு கார் பந்தய விளையாட்டு ஏற்றப்பட்டது.

கார் ஓடவில்லை. படப்பைச் சந்தையில் மாட்டு வண்டிக்குப் பின்னால் சிக்கிய பஸ் மாதிரி ஊர்ந்தது. பொறுப்பாரா வேதாசலம்? ரேம் போதவில்லை என்று ரேம் வாங்கினார். ரேம் வந்ததும் பிராசஸர் கிழடு என்று தெரிந்து அதை மாற்றினார். அது சூடாகிறது என்று அதற்கொரு விசிறி வாங்கினார். தீபாவளிச் சேலையை ஹார்டு டிஸ்காகவும் மனைவியின் மூக்குக் கண்ணாடியைச் சவுண்டு கார்டாகவும் மாற்றினார். சனிக்கிழமை தவறாமல் மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய், மூன்று பேர் கைமாறிய சாமானை நாலாவது ஆளாக வாங்கி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்.

"கூடத்து ஃபேன் மூணு வருஷமா முனகுது. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஃபேன் மட்டும் புதுசு" என்பாள் மனைவி தனம்.

"படிப்புச் செலவுடி அது!"

படிப்பா? அந்தப் பெட்டியின் முகப்பில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. சாவியைத் திருப்பினால் கீபோர்டு செத்துவிடும். சாவி இருந்தது வேதாசலத்தின் அரைஞாண் கயிற்றில். கம்ப்யூட்டரைத் தொட வேண்டுமானால் குளித்திருக்க வேண்டும். செருப்பு வாசலில் கிடக்க வேண்டும். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மகள் "அந்த மூன்று நாள்" பக்கத்திலேயே வரக்கூடாது. கோயில் கருவறையில் இருந்த தீட்டு அத்தனையும் ஆட்டோ பிடித்துச் சேலையூருக்கு வந்து சேர்ந்துவிட்டது. தைவான் தொழிற்சாலையில் உட்கார்ந்து அதன் சில்லுகளைக் கோத்தனுப்பிய பெண்கள் மாதம் மூன்று நாள் தள்ளி நின்றார்களா என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

கடைசியாக, விளையாட்டுக் கார் திரையில் நிஜக் கார் மாதிரி தெரிவதற்காக வந்தது 3டி கார்டு. அதற்குப் பணம்? காந்திமதி மேற்குத் தாம்பரத்தில் போய்க்கொண்டிருந்த புரோகிராமிங் வகுப்பை நிறுத்தினார். "வீட்டிலேயே சிஸ்டம் இருக்கறப்போ வெளியில எதுக்கும்மா தண்டம் அழணும்?" நியாயம்தானே!

கார்டைப் பொருத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காந்திமதிக்குப் பிராக்டிகல் தேர்வு. அதில் தேறினால்தான் அடுத்த வருஷம்.

"அப்பா, புரோகிராமை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கறேன். சாவி குடுங்க."

"இன்னிக்கா? நீ தூரம்னு அம்மா சொன்னாளே. மூணு நாள் போகட்டும்."

"மூணு நாள் கழிச்சுப் பிராக்டிகல் இருக்காதேப்பா."

"புது கார்டும்மா. ஏதாவது ஆச்சுன்னா? நோட்டுல எழுதிப் படி, மனசுல நிக்கும்."

உள்ளேயிருந்து தனத்தின் குரல் வந்தது. "அவ வகுப்புப் பணத்துல வந்த கார்டுதானே? அதுக்குத் தீட்டு ஒட்டலையா?"

இந்த மாதிரி அற்பக் கேள்விகளுக்கு அப்கிரேடு அப்பா பதில் சொல்வதில்லை. பெட்டியைப் பூட்டினார். குளித்துவிட்டு வந்து கற்பூரம் காட்டி முதல் பந்தயத்தைத் தொடங்குவதாகத் திட்டம்.

ஈரத் துண்டோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றார். நாற்காலியில் காந்திமதி. திரையில் காருக்குப் பதிலாக வரிவரியாக எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. வேதாசலத்தின் கை இடுப்புக்குப் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது.

"எப்படித் திறந்தே?"

"என்கூடப் படிக்கிற மெட்டில்டா வீட்டுச் சாவி. அவங்க வீட்லயும் இதே மாதிரி பெட்டிதான். எல்லாத்துக்கும் ஒரே சாவிப்பா."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"வாங்கினதிலேருந்து. நீங்க ஆபீஸ் போனதும் திறப்பேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, நீங்க இருக்கீங்களேன்னுதான் கேட்டேன்."

"அந்த... நாள்லயுமா?"

"மாசா மாசம். உங்க கார் நல்லாத்தானே ஓடுச்சு?"

வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். வேதாசலத்தின் முகமோ மலர்ந்தது. "அதானே பார்த்தேன்! போன வருஷம் ஃபிளாப்பி டிரைவ் செத்தது அதனாலதான்!"

"ஆயுத பூஜைக்கு அதோட வாய்ல குங்குமத்தைக் கொட்டி அடைச்சது யாரு? நானா?" என்றாள் தனம், கரண்டியோடு வந்து நின்று.

காந்திமதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. தண்ணி சொட்டுது. கரண்ட் ஓடுற சாமான்."

தள்ளி நின்றார் வேதாசலம், வாழ்க்கையில் முதல்முறையாக, தகுந்த காரணத்தோடு.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவில் வேறு சாவி போட்ட பூட்டு கேட்டுக் கடைகடையாக ஏறி இறங்கினார். மகள் தேறிவிட்டாள் என்ற சேதி வந்தபோது, "சிஸ்டம் அப்படி" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

வேதாசலத்தைப் பார்த்துச் சிரித்தீர்களே, நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் இடுப்பைத் தடவிப் பாருங்கள். கம்ப்யூட்டர் சாவி இல்லையென்றால் பீரோ சாவி, அதுவுமில்லையென்றால் டிவி ரிமோட், ஏதோ ஒன்று தட்டுப்படும். அதை அவிழ்த்து மகள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். கார் பந்தயம் காத்திருக்கும், தேர்வு காத்திருக்காது.