பூட்டுக்காரரின் வீட்டுப்பாடம்

பூட்டுக்காரர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள், திரைச்சீலை தைக்கிற டெய்லர் ஒருவர் ஹால் ஜன்னலில் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"யாருய்யா நீ?"

"புதுசா குடிவர்றவங்க அளவெடுத்துட்டு வரச் சொன்னாங்க சார். நீங்க காலி பண்றீங்களாமே?"

பத்து வருஷமாக இருக்கிற வீடு. நல்ல காற்று, வெளிச்சம். பூட்டுக்கடை கூப்பிடு தூரம். இதை விட்டால் இப்படி இன்னொன்று கிடைக்குமா?

"எல்லாம் உங்க இங்கிலீஷ் பண்ற வேலை," என்றாள் மனைவி. "ஒரு வாரமா ஜன்னல்ல நின்னு கத்தினீங்களே, மாடியில வீட்டுக்காரம்மாவுக்குக் கேக்காதா?"

மாடிக்கென்ன, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. டிஜிட்டல் பூட்டு விற்க வரும் கம்பெனிக்காரன் முன்னால் இனி முழிக்கக் கூடாதென்று, ஐம்பது வயதில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருந்தார். முதல் வாரம் 'என் வீடு'. அலமாரி, பால்கனி உட்பட வர்ணித்துக் கைதட்டல் வாங்கினார். அடுத்த வாரம் எதிர்காலத் திட்டங்கள். டுமாரோ, நெக்ஸ்ட் மந்த் என்று ஆளுக்கொரு வாக்கியம். இவருக்கு டீச்சரே எழுதிக் கொடுத்தது: "நெக்ஸ்ட் மந்த் ஐ ஆம் கோயிங் டு வேகேட் மை ஹவுஸ்." கூச்சம் போக, ஜன்னலில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டுமாம்.

பனியனோடு மாடியேறினார்.

"அம்மா, அது வெறும் பாடம்! நான் எங்கயும் போகலை."

"நல்லா இருக்கே!" என்றாள் வீட்டுக்காரம்மா. "முந்தாநாள் படியில நிறுத்தி, 'எப்போ காலி பண்றீங்க?'ன்னு கேட்டேன். 'இன் டூ வீக்ஸ்'னு பல்லெல்லாம் தெரியச் சொன்னீங்களே?"

சொன்னார்தான். இங்கிலீஷில் பதில் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவாரா?

"நீங்க என்னை டெஸ்ட் பண்றீங்கன்னு நினைச்சேன்மா."

"உங்களை டெஸ்ட் பண்றதுதான் என் வேலையா? வேற ஆளுக்கு வாக்குக் கொடுத்தாச்சு."

பூட்டுக்காரர் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம் என்று, "ஒரு ஆறு மாசமாவது டைம் கொடுங்க," என்றார்.

"பாத்தீங்களா, போறது நிஜம்தான். தேதியிலதான் தகராறு!" வீட்டுக்காரம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியே உங்க கையால வாசலுக்கு ஒரு புதுப் பூட்டும் மாட்டிடுங்க. அவங்க கேக்கறாங்க."

தன் வீட்டுக்குள் தானே நுழைய முடியாதபடி பூட்டு மாட்ட ஆர்டர் வாங்கிய முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். கீழே இறங்கி வந்தார். டெய்லர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என் வீடுதான் வேணும்னு நிக்கிற அந்தப் புண்ணியாத்மா யாருப்பா?"

"ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சர் சார். வகுப்புல யாரோ ஒருத்தர் ரூம் ரூமா வர்ணிச்சதைக் கேட்டே வீடு பிடிச்சுப் போச்சாம்."