மாவு மில்லுக்கு மேற்கே ஒரு வெளிநாடு

ஒரு தொழிலை இருக்கிற ஊரிலேயே செய்வது கௌரவக் குறைச்சல் என்கிற பேருண்மை திண்டிவனத்தை எட்டியபோது, தேவநாதன் ஒலிப்பதிவுக்கூடம் வைத்துக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஒரே அறை. தகரக் கூரை. சுவரெல்லாம் முட்டை அட்டை, அதன்மேல் பழைய கம்பளம். அம்மன் பாட்டு, தேர்தல் பிரச்சாரம், மல்லாட்டைக் கடலை எண்ணெய் விளம்பரம் எல்லாம் அங்கே பதிவாகித்தான் ஆட்டோவில் ஏறி ஊர் சுற்றின. எல்லாவற்றிலும் பின்னணியில் அவர் மனைவி கிருஷ்ணவேணி இருந்தாள். முன்னால் யாராவது ஒருவர் உருகிப் பாடுவார். பின்னால் நின்று "ஓம் சக்தி" சொல்வது அவள் வேலை.

இந்த மாசித் திருவிழாவுக்குத்தான் அவள் முதன்முதலாகத் தனியாகப் பாடுவதாக இருந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் மேல் முழு ஆல்பம். அட்டையில் அவள் பெயர். காசு போடுகிறவர் காணை கிராமத்தில் கரும்பு வைத்திருக்கும் கோபி. எல்லாம் பேசி முடிந்த பிறகு கோபி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டார்.

"பாட்டுல ஒரு கொறையும் இல்லண்ணா. அண்ணி கொரலும் நல்லாத்தான் கீது. ஆனா ரெக்கார்டிங் ஃபாரின்ல நடக்கணும்."

"ஏம்பா, இந்த ரூமுக்கு இன்னா?"

"இந்த ரூமு திண்டிவனத்துல இருக்குதேண்ணா."

மறுக்க முடியாத குற்றச்சாட்டு. கோபி தொடர்ந்தார்.

"எங்க ஊர்ல ஒருத்தரு, பொண்ணு மஞ்சத் தண்ணி விசேஷத்துக்கு லண்டன்ல பாட்டு போட்டுக்கினு வந்தாரு. பந்தல்ல இருந்த அத்தினி பேரும் வாயப் பொளந்துகினு நின்னாங்க."

"பாட்டு நல்லா இருந்துச்சா?"

"அத்த யாருண்ணா கேட்டா? லண்டன்னு பேனர்ல போட்டிருந்திச்சி. நம்ம ஆல்பம் ஃபாரின்ல ஆவலன்னா நா வேற பார்ட்டிய வெச்சிப் பண்ணிக்கறேன். ஜல்தியா சொல்லுங்க."

தேவநாதன் எதையும் இரண்டு தரம் யோசித்துவிட்டு மூன்றாம் தரம் வருத்தப்படுகிறவர். இத்தனை காலம் திண்டிவனத்தில் இருந்துகொண்டே பாட்டுகளைப் பதிவு செய்து ஜனங்களை ஏமாற்றிவிட்டோமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. மலேசியாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் மைத்துனருக்குப் போன் போட்டார். கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டை போடுகிற அறை ஒன்று இருப்பதாகவும், வெங்காயத்தை வேறிடம் மாற்றித் தருவதாகவும் மைத்துனர் சொன்னார்.

அயல்நாட்டில் ஒலிப்பதிவுக்கூடம் அமைக்க விரும்புவோர் நலனுக்காக விழுப்புரத்தில் 'கடல்கடந்த கலைக்கூடங்கள் நிறுவுதல் மற்றும் கண்காணித்தல் பிரிவு' என்று ஓர் அலுவலகம் இயங்கிவந்தது. அப்படி விரும்பியவர் இதுவரை எவருமில்லை என்பதால் அங்கே எந்தக் கோப்பும் தேங்கவில்லை. அதன் கண்காணிப்பாளர் காந்திமதி, முதல் மனுதாரரைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இடம் எங்க சார்?"

"மலேசியா மேடம்."

"எந்த வட்டம்?"

"மலேசியா மேடம்."

"அது நாடு சார். வட்டம், குறுவட்டம், கிராமம் சொல்லுங்க. உங்க வருவாய் ஆய்வாளர் இடத்த நேர்ல பாத்து எழுதுனாத்தான் நான் இசைவுச் சான்று தர முடியும்."

"அவரு மலேசியாவுக்கு வருவாரா மேடம்?"

"அத அவரத்தான் கேக்கணும். நான் எப்படி இன்னொருத்தர் வேலைய சொல்ல முடியும்?"

வருவாய் ஆய்வாளர் தமிழ்மணி தங்கமான மனிதர். யாரையும் முடியாது என்று அனுப்பமாட்டார். வழி கண்டுபிடிக்கும்வரை அலையவிடுவார்.

"கிளியனூர் வரைக்கும்தான் எனக்கு அதிகாரங்க," என்றார். "அந்தாண்ட இருக்கறத நான் பாத்தாலும் பாத்ததா ஆவாது. ஆனா ஒண்ணு. விதிய நல்லா படிச்சிட்டேன். வெளிநாட்டுல அமையற இடத்த ஆய்வாளர் பாக்கணும்னு போட்டிருக்கு. அந்த வெளிநாடு எங்க இருக்கணும்னு போடல."

"வெளிநாடுன்னா வெளியதான சார் இருக்கும்?"

"அது உங்க அபிப்பிராயம். விதியில இல்ல."

விஷயம் விழுப்புரத்துக்குப் போய், 'கொள்கையளவில் ஏற்கத்தக்கது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. தமிழ்மணி டேப் பிடித்துத் தேவநாதனின் அறையை அளந்தார். பக்கத்து மாவு மில் மாரியப்பனிடம் ஆட்சேபணையின்மைக் கையெழுத்து வாங்கப்பட்டது. "பக்கத்துல வெளிநாடு வந்தா நமக்கு தெருவெளக்கு எரியுமா சார்?" என்று மட்டும் மாரியப்பன் கேட்டார். பரிசீலிக்கப்படும் என்று தமிழ்மணி சொன்னார்.

சான்று வந்தது. 'கிழக்கே மாவு மில்லுக்கும், மேற்கே பஞ்சர் கடைக்கும், வடக்கே பொதுச் சந்துக்கும், தெற்கே சாக்கடைக்கும் இடைப்பட்ட, தகரக் கூரையுடன் கூடிய மேற்படி வெளிநாட்டில்' ஒலிப்பதிவுக்கூடம் நடத்திக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்பட்டது. நாட்டின் பெயர் என்ற இடத்தில் 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்றிருந்தது.

கோபிக்கு ஏக சந்தோஷம். "ஃபாரின்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டான், அப்புறம் இன்னாண்ணா?" என்று சான்றைப் படமெடுத்துக் காணை முழுவதும் அனுப்பினார். குப்பை எடுக்க வருகிற அன்புச்செல்வி மட்டும் மறுநாள் வாசலோடு நின்றுவிட்டாள். "வெளிநாட்டுக் குப்பைய எடுக்க எங்களுக்கு ஆர்டர் இல்லண்ணா. கோச்சிக்காதீங்க."

பதிவு நாளன்று கோபி, தமிழ்மணி முன்னிலையில் காந்திமதி மேடமே ரிப்பன் வெட்ட வந்தார். கிருஷ்ணவேணி புதுப்புடவை கட்டி, பிளாஸ்கில் வெந்நீரோடு வந்து செருப்பை விட்டு உள்ளே கால் வைக்கப் போனாள்.

"இவங்க யாரு?"

"எங்க வீட்ல மேடம். பாடறவங்க."

"பாஸ்போர்ட் எங்க?"

தேவநாதன் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"உரிமையாளருக்கு விதிவிலக்கு இருக்கு. பாடறவங்களுக்கு இல்ல," என்றார் காந்திமதி, மனமார்ந்த வருத்தத்தோடு.

"தினம் நான்தான் மேடம் இந்த ரூம பெருக்கறேன்," என்றாள் கிருஷ்ணவேணி.

"நேத்து வரைக்கும் அது உள்நாடும்மா."

"இனிமே யாரு பெருக்கறது?"

காந்திமதி கேள்வியைக் கோப்பில் குறித்துக்கொண்டார். பிறகு, இதுகுறித்து மேலிடத்தில் தெளிவுரை கோரப்படும் என்றார்.

பாஸ்போர்ட் வருவதற்குள் திருவிழா போய்விடும். கோபி வேறு பாடகிகளின் பெயர்களை முணுமுணுக்க ஆரம்பித்தார். தேவநாதன் தமிழ்மணியைப் பார்த்தார். தமிழ்மணி சன்னலைப் பார்த்தார்.

"ஆளுக்குத்தான் பாஸ்போர்ட் கேக்கறாங்க. கொரலுக்கு எங்கயும் கேக்கல. சன்னல தொறந்து வைங்க."

அப்படியாக, மைக் வெளிநாட்டில் சன்னல் கம்பியோரம் நிறுத்தப்பட்டது. கிருஷ்ணவேணி இந்தியாவில், சாக்கடை ஓரமாக, உச்சி வெயிலில் நின்று பாடினாள். வேர்வை வழிந்து குங்குமம் மூக்கில் இறங்கியது. அன்று அவள் பாடியதுபோல் அதற்கு முன் பாடியதில்லை. மாரியப்பன் மில்லில் கேப்பை அரைபட்டுக்கொண்டிருந்ததால் அந்தச் சத்தமும் கூடவே எல்லை தாண்டியது.

"சரியா இருந்துச்சாங்க?" என்று கம்பி வழியாகக் கேட்டாள். உள்ளே ஹெட்போனோடு இருந்த தேவநாதன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கோபி கேட்டுவிட்டுச் சொக்கிப்போனார். "அடியில தடதடன்னு ஒண்ணு ஓடுதே, அதான்ணா ஃபாரின். இங்க எந்த ரூம்லயாவது இப்டி வருமா?"

"அது நம்ம மாரியப்பன்..." என்று ஆரம்பித்த தேவநாதன் நிறுத்திக்கொண்டார்.

காந்திமதி ஜீப்பில் ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னார். "அட்டையில அவங்க பேரு வேணாம் சார். எப்ப போனாங்க, எப்ப வந்தாங்கன்னு கேள்வி வரும். எல்லாருக்கும் பேஜாரு."

"பேரு எதுக்குண்ணா," என்றார் கோபி. "'அயல்நாட்டுக் கலைஞர்'னு போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

தேவநாதன் இரண்டு தரம் யோசித்தார். கூடத்தைக் காப்பாற்றினால்தானே அடுத்த ஆல்பம் போட முடியும் என்று தோன்றியது. கோழைகள் எல்லோருக்கும் இப்படித்தான் தோன்றுமோ என்றும் தோன்றியது. "சரி" என்றார். பிறகு வீட்டில், "அடுத்த வருஷம் உம் பேரப் போட்டுக்கலாம் வேணி," என்றார்.

"போடுங்க. அதுக்குள்ள என்ன எந்த நாட்டுல சேக்கறாங்களோ," என்று சொல்லிவிட்டு அவள் சாதம் வடிக்கப் போனாள்.

மாசி அமாவாசையன்று மேல்மலையனூரில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு கூட்டம். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. எல்லாவற்றிலும் அந்த ஆல்பம். புருஷனும் பெண்டாட்டியும் பகல் வெயிலில் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற அம்மாள் எலுமிச்சை மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"வெளிநாட்டுல பாடுனதாம்," என்றாள் திரும்பி. "அதான் மனச பிசையுது. நம்மூரு பொம்பளைங்க ஒருத்திக்காவது இப்டி வருமா சொல்லு?"

"வராதுக்கா," என்றாள் கிருஷ்ணவேணி.

நான்காவது பாட்டு வந்தது. இரண்டாம் சரணத்தில் ஒரு இழுப்பு உண்டு. அவளை அறியாமலே அவள் வாய் அதை ஒலிபெருக்கியோடு சேர்ந்து பாடியது. அதே சுதி, அதே நடுக்கம்.

முன்னால் நின்றவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அட, பாட்ட கேக்க வுடும்மா. கூடக் கத்திக் கெடுத்துக்கினு."

வரிசையில் பலரும் திரும்பி முறைத்தார்கள். கிருஷ்ணவேணி நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். தேவநாதன் கண்ணை மூடி, கைகூப்பி, ஒலிபெருக்கியின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றிருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. மூடிய கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்ச நேரம் சும்மா இரேன் வேணி."