மொட்டையடித்த நிலம்

"என்னங்க, நம்ம தரிசு நிலத்துல பூசணி பிஞ்சு விட்டிருக்கு" என்று மனைவி சொன்னதும் சலூன்காரர் வரி ரசீதைத் தேடி எடுத்தார்.

ஊருக்கு வெளியே அந்தத் துண்டு நிலத்தை அவர் வாங்கியதே வரி குறைவு என்பதால்தான். ரசீதில் 'தரிசு' என்று போட்டிருந்தார்கள். ஏதாவது விளைந்தால் வரி ஏறிவிடும், ஏறினால் விற்க வேண்டியதுதான் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். முப்பது வருடம் வாடகைக் கடையில் நின்றே பிழைத்தவருக்குச் சொந்தமாக நிற்க இருந்த இடம் அது ஒன்றுதான்.

"விதையை யாரு போட்டது?"

"யாரும் போடல. சமையல் குப்பையை அங்கதான் கொட்டினேன். வெறும் நிலம்தானே."

மூடிவிட்டால் கொடி செத்துவிடும் என்று, கடையில் கூட்டிய முடியை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டினார். முடி நல்ல உரம் என்பது அவருக்குத் தெரியாது. கொடிக்குத் தெரிந்திருந்தது. பத்தே நாளில் வேலியைத் தாண்டியது.

"ஆட்டை விட்டு மேய்ச்சிடலாம் மாமா" என்றான் மச்சினன்.

ஆடுகள் புல்லை மட்டும் தின்றன. போகும்போது நன்றி மறக்காமல் எருவும் போட்டுவிட்டுப் போயின.

இந்த நேரம் பார்த்து, வரி அதிகாரி நிலத்தைப் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது. சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு, தெரிந்த ஒரே வித்தையைக் கையிலெடுத்தார். கொடி, இலை, புல், பூண்டு எல்லாவற்றையும் வழித்துத் தள்ளினார். மூன்று பெரிய காய்கள் மட்டும் மிச்சமிருந்தபோது ஜீப் வந்துவிட்டது. அவசரத்தில், கத்தியோடு கொண்டுவந்திருந்த சலூன் துணிகளை எடுத்து அவற்றின் மேல் போர்த்தினார்.

அதிகாரி வெயிலுக்குப் பயந்து இறங்கவில்லை. "அங்க போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கிறது யாரு?"

"கஸ்டமருங்க சார். மொட்டை போட வந்திருக்காங்க."

"ஒருத்தரும் அசையலையே."

"அசைஞ்சா காது போயிடும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. சலூன் துணியில் மறைத்தவர் இவர் ஒருவர்தான்.

"புல்பூண்டு இல்ல. சுத்தத் தரிசு. பழைய வரிதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. சலூன்காரருக்கு அப்படியே தரையில் உருள வேண்டும் போலிருந்தது.

தனக்கும் முடி வெட்டிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்த டிரைவர், வரிசையில் முதல் ஆளின் துணியை விலக்கிப் பார்த்தார். வழித்துப் போட்ட கொடியையும் பார்த்தார்.

"மொட்டை போட்டுக்கிட்டது இவங்க இல்லண்ணே, நீங்கதான். விளையுற நிலத்துக்கு வரியே கிடையாது."