பிளாஸ்டிக் புல் பேசிய கதை

மகான் வருகிறார் என்று ஹார்லன் கிரீக் ஊரே திமிலோகப்பட்டது. நெப்ராஸ்காவின் ஏப்ரல் குளிர் மூக்கைக் கிள்ளிக்கொண்டிருந்தது. யார் கவலைப்பட்டார்கள்? காலையிலேயே கல்லூரி மைதானத்துக்கு வெளியே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பின்கதவுகளைத் திறந்துபோட்டு, அடுப்பு மூட்டி, சாசேஜ் வாட்டி, கிண்ணம் கிண்ணமாகச் சில்லி என்ற காரசாரமான இறைச்சிக் குழம்பை ஊற்றி, சினமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியைப் பிட்டு அதில் தொட்டுத் தின்றபடி ஜனங்கள் அற்புதத்துக்காகக் காத்திருந்தார்கள். அற்புதத்தை வெறும் வயிற்றோடு பார்க்க முடியுமா?

மகான் என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இவர் மழுமழுவென்று சவரம் செய்து, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, வேலை கேட்டு வந்தவர். பெயர் ஸ்டெர்லிங் மாப்ரி. கேட்ட வேலை, கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியான காட்டெருமைகளின் தடுப்பாட்டப் பயிற்சியாளர். எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடுமா, வலப்பக்கம் ஓடுமா, இல்லை தூக்கி எறியுமா என்று முன்கூட்டியே ஊகித்துப் பையன்களை அங்கே நிறுத்த வேண்டும். மற்ற பயிற்சியாளர்கள் இதற்காக வீடியோ பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்கள். மாப்ரிக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வார். மண்டியிட்டு உள்ளங்கையைத் தரையில் பதிப்பார். மண் அவர் காதில் சொல்லிவிடும்.

"போன காலேஜ்ல ஒன்பது ஆட்டம் ஜெயிச்சாருய்யா, ஒன்பது" என்று லாரி வியாபாரி ராய்ஸ் டிங்கல் ஒவ்வொரு அடுப்பாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அணிக்கு அள்ளிக்கொடுக்கும் புரவலர் அவர்தான். யாரை ஜெயித்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எதிரே ஆட ஆள் பற்றாமல் பேருந்து ஓட்டுநருக்கும் சட்டை மாட்டிவிட்ட கல்லூரிகளின் பெயர்கள் வெளியே வந்திருக்கும்.

நுழைவாயிலில் ஒரு மேசை. மேசைமேல் சின்னச் சின்னப் பாட்டில்கள். பாட்டிலுக்குள் 'வெற்றி மண்', இருபது டாலர். வாங்குவதற்கு வரிசை. ராய்ஸ் முந்தின நாளே நான்கு வாங்கித் தன் ஷோரூமின் நாலு மூலையிலும் வைத்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்கே ஒரு லாரி விற்றுவிட்டதாம். அதற்கு முந்தின நாளும் ஒரு லாரி விற்றது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

தலைமைப் பயிற்சியாளர் வெண்டல் ஸ்டாலுக்கு மட்டும் சில்லி தொண்டையில் இறங்கவில்லை. மார்ச் மாதம் பழைய தடுப்பாட்டப் பயிற்சியாளர் பெரிய கல்லூரிக்கு, பெரிய சம்பளத்துக்குத் தாவிவிட்டார். போன சீசனில் எதிரணிகள் நம் பையன்களுக்கு நடுவே கடைத்தெருவில் நடப்பதுபோல நடந்து போயிருந்தன. கல்லூரித் தலைவர் வெண்டலைக் கூப்பிட்டு, "இன்னொரு சீசன் இப்படிப் போச்சுன்னா, கேக் வெட்டி அனுப்பி வச்சுடுவோம் கோச்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இந்தத் தொழிலில் ஊர் ஊராக மூட்டை கட்டியே வெண்டலுக்குத் தலை நரைத்துவிட்டது. அவர் மனைவி கோனி இந்த ஊரில்தான் முதல்முறையாகத் தோட்டத்தில் ஓர் ஆப்பிள் கன்று நட்டிருந்தாள். "இது காய்க்கிற வரைக்குமாவது இங்க இருப்போமாங்க?" என்று கேட்டிருந்தாள். சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தால் இருப்பார்கள். தப்பான ஆளை எடுத்தால் ஆப்பிளை வேறு யாரோ தின்பார்கள்.

வெண்டல் தலையில் ஒரு தொப்பி. மூன்று வருஷத்துக்கு முன் அதைப் போட்டுக்கொண்டு நின்ற ஓர் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தொப்பிக்குத் தண்ணீர் காட்டவில்லை. அதன் வாசனையைப் பற்றி இங்கே எழுதி வாசகர்களின் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை.

வேலைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். முதல் ஆள் கர்ட் நோவட்னி. முந்தின நாள் தேர்வுக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, "உங்க பையங்க பந்தைப் பார்த்து ஏமாறுறாங்க. ஓடுறவன் இடுப்பைப் பார்க்கணும். முட்டியை மடக்கி நிக்கப் பழக்கணும். ரெண்டு மாசம் ஆகும்" என்றார். ரெண்டு மாசமா என்று, புரவலர் என்ற முறையில் குழுவில் உட்கார்ந்திருந்த ராய்ஸ் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார்.

அடுத்து மாப்ரி வந்தார். கூடவே மைத்துனர் டுவைட், பக்தியே உருவாக. குழுவில் இருந்த கணிதப் பேராசிரியை லோர்னா ஹாகன்தான் வாயைத் திறந்தாள். ஃபுட்பால் என்றால் அவளுக்கு உயிர். நடுவரைத் திட்டுவதில் ஊரிலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"எங்க மைதானத்துல மண்ணே இல்லையே. மேல பிளாஸ்டிக் புல், கீழ ரப்பர் தூள், அதுக்குக் கீழ ஜல்லி. எது உங்ககிட்டப் பேசும்?"

மாப்ரி கண்ணை மூடிப் புன்னகைத்தார். "சகோதரி, பிளாஸ்டிக் எதுலருந்து வருது?"

"பெட்ரோலியத்துலருந்து."

"பெட்ரோலியம்?"

"பூமியிலருந்து."

"அப்புறம் என்ன சந்தேகம்?" என்றார் மாப்ரி. ராய்ஸ் மேசையைத் தட்டினார். என்ன அறிவு, என்ன அறிவு! இந்தக் கணக்குப்படி லோர்னாவின் பேனாவும் பேசியிருக்க வேண்டும். அது வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் லோர்னா வெண்டலைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு மூளை கெட்டுப்போச்சா? அந்த ஆளையா எடுக்கப் போற?"

"இல்ல லோர்னா, நாளைக்குப் பயிற்சி ஆட்டத்துல ஜனங்க முன்னாடியே செஞ்சு காட்டுறேங்கிறார். சரியாச் சொல்லிட்டா?"

"எப்படிச் சொல்றான்னு பார்க்க வேண்டாமா?"

"எப்படியோ சொல்லட்டும். எனக்குத் தடுக்க ஆள் வேணும். கோனி மரம் நட்டிருக்கா" என்றார் வெண்டல். பாவம், அவருக்குப் பயம்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். ஐயாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். காட்டெருமைகள் தங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஆட வேண்டும். ஓரத்தில் மாப்ரி கறுப்புத் துணியைக் கட்டி மண்டியிட்டார். பிளாஸ்டிக் புல்லில் உள்ளங்கையைப் பதித்தார். டுவைட் பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்துக்கொண்டார். சக்தி இறங்கும்போது மச்சான் மயங்கி விழாமல் பிடித்துக்கொள்ளவாம்.

"மண் பேசும்போது நீங்க பேசக் கூடாது" என்று மாப்ரி ஒலிபெருக்கியில் உத்தரவு போட்டார். ஐயாயிரம் பேரும் மூச்சை அடக்கினார்கள்.

பந்து வைத்திருந்த பக்கத்தின் ஓரத்தில் இரண்டு பேர் வழக்கம்போலப் பெரிய பலகைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டத்தின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் எல்லாக் கல்லூரிகளும் படம் காட்டித்தான் பையன்களுக்குக் கட்டளை சொல்லும். நம் பலகைகளில் சோளக்கதிர், டிராக்டர், வாத்து. எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று அணிக்குள் மட்டும்தான் தெரியும்.

"இடது" என்றார் மாப்ரி. பையன் இடப்பக்கம் ஓடினான்.

"வலது." வலப்பக்கம் ஓடினான்.

"எறியப் போறான்." எறிந்தான்.

கூட்டம் ஆடிப்போய்விட்டது. ஒரு பெண்மணி தன் கைக்குழந்தையின் பாதத்தைப் பிளாஸ்டிக் புல்லில் தொட்டுக்கொள்ளக் கம்பி வேலிக்கு மேலே நீட்டினாள். நுழைவாயில் மேசையில் பாட்டில்கள் தீர்ந்து, டுவைட்டின் மனைவி வண்டி நிறுத்துமிடத்து ஓரத்தில் குனிந்து புதிய பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். வெண்டலுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆப்பிள் காய்த்தே விட்டதுபோல இருந்தது அவருக்கு.

லோர்னா ராய்ஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏன் ராய்ஸ், இவரு நம்ம பசங்களை இதுக்கு முன்னாடி பார்த்திருக்காரா?"

"நேர்ல பார்த்ததில்லை ப்ரொபசரம்மா. பசங்களோட ஆன்மாவோட பழகணும்னார். பயிற்சி வீடியோ மொத்தத்தையும் நான்தான் அனுப்பி வச்சேன்."

"பலகை தெரியுமே அதுல?"

"தெரியும். அதுக்கென்ன?"

லோர்னா எழுந்தாள். வீடியோவைப் பார்த்தால் எந்தப் படத்துக்கு எந்த ஆட்டம் என்று யாராலும் கண்டுபிடித்துவிட முடியும். பலகை தூக்கிய பிறகுதான் மண் பேசுகிறது என்பதை அவள் முன்பே கவனித்திருந்தாள். நேராக டுவைட்டிடம் போனாள். "கொஞ்சம் கையை எடுங்களேன், பார்ப்போம்."

டுவைட் பதறினார். "எடுத்தா நாக்கு உள்ள போயிடும்மா. போன தடவை ஆம்புலன்ஸே வந்தது."

இடைவேளையில் அவள் வெண்டலிடம் வந்தாள். "ஒண்ணே ஒண்ணு செய்யப் போறேன். கோபப்படாதே."

"என்ன செய்யப் போற?"

"பலகை தூக்குறவங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். டெவன்கிட்ட மட்டும் சொல்லப் போறேன்."

டெவன்தான் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் பையன். அவனிடம் அவள் சொன்னது இதுதான்: இனிமேல் சோளக்கதிரைக் காட்டினால் டிராக்டருக்கு உள்ளதை ஆடுங்கள். டிராக்டரைக் காட்டினால் வாத்து. வாத்தைக் காட்டினால் சோளக்கதிர். பையன்கள் வட்டமாகத் தலையைச் சேர்த்து நின்று கேட்டுக்கொண்டு, கமுக்கமாகச் சிரித்தார்கள்.

வெண்டல் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவருக்குள்ளும் ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

மாப்ரி மறுபடி துணியைக் கட்டினார். சோளக்கதிர் உயர்ந்தது. "இடது" என்றார். பையன் வலப்பக்கம் ஓடினான்.

கூட்டத்தில் சலசலப்பு. "பூமி கொஞ்சம் களைச்சுப்போச்சு போல" என்றார் ஒருவர்.

டிராக்டர். "வலது." டெவன் பந்தை வானத்தில் எறிந்தான்.

"நம்மைச் சோதிக்குது" என்றார் ராய்ஸ்.

வாத்து. "எறியப் போறான்." இடப்பக்கம் ஓடினான். அதற்குப் பிறகும் ஒன்றாவது தப்பித் தவறிச் சரியாக வர வேண்டுமே? வரவில்லை.

மாப்ரி துணியை அவிழ்க்காமலே முழங்கினார். "இங்க நம்பிக்கை இல்லாத ஒருத்தர் இருக்காங்க. அதான் சக்தி அறுந்துபோச்சு."

"சக்தி அறுந்துபோனா குத்துமதிப்பாச் சொன்னாக்கூட ரெண்டு மூணு சரியா வந்திருக்கும்" என்றாள் லோர்னா, பக்கத்தில் நின்ற வெண்டலுக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாமே தப்பு. பலகையில என்ன இருக்கோ அதை அப்படியே சொல்றார். பூமாதேவி நம்ம பலகையைத்தான் படிக்கிறா போல."

வெண்டல் அப்போதுதான் முதல்முறையாக மாப்ரியின் முகத்தை விட்டுவிட்டு டுவைட்டின் கையைப் பார்த்தார். தோள்மேல் விரல் ஒரு முறை தட்டியது. "இடது." இரண்டு தட்டு. "வலது." மெல்ல ஓர் அழுத்தல். "எறியப் போறான்."

அவருக்குக் காது சூடாகிவிட்டது. கோபம் மாப்ரிமேல் பாதி, தன்மேல் பாதி.

"கடைசியா ஒரு தடவை" என்றார் மாப்ரி. "ஒரு சத்தமும் வரக் கூடாது. நான் ஆழமாக் கேக்கப் போறேன்."

அவர் கேட்ட நிசப்தம்தான் அவருக்கு வினையாக வந்தது. வெண்டல் பையன்களைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். இரண்டு அணியும் பூனைபோல நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. முந்நூறு பவுண்டு எடையுள்ள ஒரு பையன் டுவைட்டை அன்பாக அணைத்து, அவர் வாயைத் தன் அகன்ற மார்போடு அமுக்கிக்கொண்டு அப்பால் கூட்டிப்போனான். வெண்டல் கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு தன் கையை மாப்ரியின் தோளில் வைத்தார்.

மைதானத்தில் ஒரு ஆள்கூட இல்லை. பந்து மட்டும் நடுவில் தனியாகக் கிடந்தது.

வெண்டல் இரண்டு முறை தட்டினார்.

"வலது" என்று ஒலிபெருக்கி அதிர்ந்தது. "வலப்பக்கம் ஓடுறான். நல்ல பலசாலி. அவன் காலடி என் உள்ளங்கையில கேக்குது."

எங்கோ ஒருவர் பொத்திய கையையும் மீறிக் களுக்கென்று சிரித்தார். வெண்டல் தோளை அழுத்தினார்.

"இப்ப எறியப் போறான். ஆகா, என்ன வீச்சு!"

பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்குமேல் ஐயாயிரம் பேராலும் முடியவில்லை. சில்லிக் கிண்ணங்கள் கவிழ்ந்தன. மாப்ரி துணியை அவிழ்த்துக் காலி மைதானத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தோளில் இருந்த கை யாருடையது என்று பார்த்தார்.

"மண் வேற ஏதாவது சொல்லுச்சா, மாப்ரி?" என்றார் வெண்டல்.

மண் அவரை ஓடச் சொல்லியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை போலிருக்கிறது. முதலில் இடப்பக்கம் ஓடி, பூட்டிய கதவில் முட்டி, பிறகு வலப்பக்கம் ஓடினார். ஆனால் பாட்டில் வாங்கியவர்கள் நுழைவாயிலில் அவருக்கு முன்பே போய் நின்றிருந்தார்கள். அன்றைக்கு அந்த ஊரில் நடந்த நல்ல தடுப்பாட்டம் அது ஒன்றுதான். வாங்கிய காசையெல்லாம் எண்ணி வைத்த பிறகே மச்சானும் மைத்துனரும் வண்டி ஏறினார்கள்.

நோவட்னிக்கு வேலை கிடைத்தது. ராய்ஸ் மட்டும் மனம் ஆறாமல் கேட்டார்: "எல்லாம் சரிதான் ப்ரொபசரம்மா. ஆனா இந்த ஆள்கிட்ட விசேஷமா ஒண்ணும் இல்லையே."

"ரெண்டு கண்ணு இருக்கு ராய்ஸ். தொறந்து வச்சிருக்கார்" என்றாள் லோர்னா.

அன்று வீட்டுக்குப் போனதும் வெண்டல் தொப்பியைக் கழற்றிச் சலவை இயந்திரத்துக்குள் போட்டார். கோனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னங்க இது? துவைச்சு, அப்புறம் தோத்துட்டா?"

"தோத்தா, ஒழுங்கா ஆடலைன்னு அர்த்தம்" என்றார் வெண்டல். "நோவட்னியைக் கேட்டா எங்க தப்புன்னு சொல்லிடுவான். தொப்பிக்கு என்ன தெரியும்?"

இயந்திரத்திலிருந்து வெளியே வந்த தண்ணீர் சாக்கடைக் கறுப்பாக இருந்தது. தொப்பியின் நிறம் நீலம் என்பதே அன்றுதான் கோனிக்குத் தெரிந்தது.

இத்தனைக்கும், மாப்ரியின் வித்தையில் கண்ணைக் கட்டியிருந்த துணி மட்டும் போலி இல்லை. அதன் வழியாக அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. ஐயாயிரம் பேரின் கண்களில் அந்தத் துணிகூட இல்லை. பலகை எதிரே இருந்தது, டுவைட்டின் விரல் எதிரே இருந்தது, பிளாஸ்டிக் புல் காலடியிலேயே இருந்தது. பார்ப்பதற்கு ஒருத்தி போதுமாக இருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் சில்லி தின்றுகொண்டிருந்தோம்.