நானூறு பக்கமும் ஒரு சோபாவும்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு புத்தக வெளியீட்டில நான் பத்து நிமிசம் கதைக்க வேணும். வேலை அவ்வளவுதான்.

புத்தகம் எழுதினது எங்கட வீட்டுச் சொந்தக்காரர், குலசிங்கம் ஐயா. நீர்ப்பாசனத்தில எஞ்சினியரா இருந்து ஓய்வு பெற்றவர். தலைப்பு 'நானும் ஏழு குளங்களும்'. நானூறு பக்கம்.

என்னை ஏன் கேட்டவர் எண்டா, பிழை என்ரதான். தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில புத்தகத்தை வைச்சு பேஸ்புக்கில படம் போடுற ஆள் நான். அதில தேத்தண்ணி குடிக்கிறது உண்மை.

"பிள்ளை, நீர் கிழமைக்கு ஒரு புத்தகம் முடிக்கிறீர் எண்டு பார்க்கிறனான். என்ர புத்தகத்தைப் பற்றி மேடையில நயவுரை நீர்தான் செய்ய வேணும்," எண்டார்.

மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். ஆனா அந்த மாதத்தோட எங்கட வெள்ளவத்தை பிளாட்டின்ர அக்ரிமெண்ட் முடியுது. புதுப்பிக்கிறதும் விடுறதும் ஐயாவின்ர கையில. ஜன்னலைத் திறந்தா கடல்காத்து வாற வீடு, இந்த வாடகைக்கு, காலி வீதிக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"சந்தோசமாச் செய்யிறன் ஐயா," எண்டன்.

அக்ரிமெண்டில இன்னொரு வசனமும் இருக்கு. வீட்டில நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது.

நாங்கள் மூண்டு பேர். நான், என்ர மனிசன் சுதன், மகள். பிறகு, கனடா விசா அலுவலா ஒரு கிழமைக்கெண்டு பருத்தித்துறையில இருந்து வந்த என்ர சித்தப்பா. அந்த ஒரு கிழமை இப்ப மூண்டாம் மாதத்தில நிக்குது. அவரோட சித்தி. பிறகு ரியூசனுக்கெண்டு வந்து சேர்ந்த அவையின்ர ரெண்டு பெட்டையள். வெள்ளவத்தையில வீடு வைச்சிருக்கிற ஆருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். வாடகைக்குக் குடுத்தவைக்குத்தான் விளங்காது.

புத்தகம் கையில வந்தது புதன்கிழமை. ஒபிஸில மாத முடிவு எண்டு ரெண்டு நாள் போச்சு. சனிக்கிழமை காலமையும் நான் முன்னுரையிலதான் நிண்டன். முன்னுரையே மூண்டு பேர் எழுதியிருக்கினம்!

அப்பதான் அந்த வீடியோ கண்ணில பட்டது. வேகமா வாசிக்கிறதும், வாசிச்சதை மறக்காமல் வைச்சிருக்கிறதும் எப்பிடி எண்டு ஒரு தம்பி விளக்குறார். அவருக்குப் பின்னால அலுமாரி நிறையப் புத்தகம். ஒண்டிலயும் ஒரு மடிப்பும் இல்லை.

வரிக்குக் கீழ விரலை ஓட விடுங்கோ, கண் தானா ஓடும். மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி வாசிக்காதேங்கோ. ஒவ்வொரு பந்தியிலயும் முதல் வசனமும் கடைசி வசனமும் வாசிச்சாப் போதும் எண்டார்.

விரல் பறந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் ஏழு குளத்தையும் தாண்டிட்டன். ஒரு குளத்திலயும் கால் நனையேல்லை.

இனி மறக்காமல் இருக்கிறதுக்கு வழி. உங்கட வீட்டை மனசில கொண்டு வாங்கோ. வாசலில ஒரு விசயம், கதிரையில ஒரு விசயம், குசினியில ஒரு விசயம் எண்டு வைச்சுக்கொண்டு போங்கோ. மேடையில கண்ணை மூடி வீட்டுக்குள்ள நடந்தாக் காணும், எல்லாம் வைச்ச இடத்தில இருக்குமாம்.

வைச்ச சாமான் வைச்ச இடத்தில இருக்கிற வீடு! அந்தத் தம்பி குடுத்து வைச்சவர்.

நானும் வைச்சன். வாசலில, செருப்புத் தட்டில, ஐயாவின்ர பிள்ளைப் பருவம். சோபாவில அவற்ற கலியாணம். குசினியில அவர் கட்டின முதல் அணைக்கட்டு. பாத்ரூமில அதைக் கட்டக் கொந்துறாத்து எடுத்தவனோட நடந்த சண்டை.

பின்னேரம் ஒத்திகை. கண்ணை மூடிக்கொண்டு வாசலில இருந்து நடந்தன். முதல் அடியிலயே செருப்புகள் தடுக்கினது. சமாளிச்சுக்கொண்டு சோபாவுக்கு வந்து கையை வைச்சா, மெத்தெண்டு இருந்தது. சித்தப்பாவின்ர வயிறு.

"என்ன பிள்ளை, கண் தெரியேல்லையோ?"

"எழும்புங்கோ சித்தப்பா. அதில ஐயாவின்ர கலியாணம் இருக்கு."

"ஆற்ற கலியாணம்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

கலியாணம் எண்ட சொல்லுக்குச் சித்தி குசினியில இருந்து எட்டிப் பார்த்தா. "மாப்பிள்ளை கனடாவோ?" எண்டா. என்ர அணைக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில அவ கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டா. பாத்ரூம் கதவைத் தட்டினன். "அக்கா, இப்பதான் உள்ள வந்தனான்!" எண்டு ஒரு சத்தம்.

சுதன் பார்த்துக்கொண்டே இருந்தார். "பேசாமல் ஒரு பத்துப் பக்கத்தை ஒழுங்கா வாசியுமப்பா."

"உங்களுக்கு இந்த டெக்னிக் விளங்காது," எண்டன். எவ்வளவு திமிர் பாருங்கோ!

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைஞ்சு போச்சு. விளக்கேற்றினம், வாழ்த்துப் பாடினம், தலைமையுரைக்கு வந்தவர் தன்ர வாழ்க்கைக் கதையைச் சொல்லி முடிச்சார். கடைசி வரிசையில சித்தப்பா குடும்பம். சாப்பிட ரோல்ஸ் குடுப்பினம் எண்டு ஆரோ சொல்ல வந்தவை.

என்ர பெயரைக் கூப்பிட்டினம். கையில ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் ஏறினன். மைக்குக்கு முன்னால கண்ணை மூடினன். வாசல் வந்தது. ஐயாவின்ர பிள்ளைப் பருவத்தைத் தேடினன். காணேல்லை!

"வாசலில..." எண்டன். "வாசலில செருப்புகள். எத்தினை சோடி செருப்பு! உள்ள எத்தினை பேர் எண்டு அந்தச் செருப்புகள் சொல்லும்."

மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தன். முன்வரிசையில ஐயா முகம் மலர்ந்து தலையாட்டுறார். "ஒன்பதாம் அத்தியாயம்!" எண்டு பக்கத்தில இருந்தவரிட்டச் சொல்லுறதும் கேட்டது. ஒன்பதாம் அத்தியாயத்தில செருப்பு இருக்கெண்டு எனக்கு அப்பதான் தெரியும். துணிவு வந்திட்டுது. திரும்பக் கண்ணை மூடினன்.

"உள்ள போறன். சோபாவில ஒரு மனிசன் படுத்திருக்கிறார். அவரை எழுப்ப ஏலாது. அவர் வந்து கனகாலம். போற எண்ணமும் இல்லை."

கைதட்டல்! முன்வரிசையில இருந்த வயசான கவிஞர் ஒருத்தர் "அடடா!" எண்டார்.

"குசினியில ஒரு அணைக்கட்டு இருக்க வேணும். அந்த இடத்தில கத்தரிக்காய் வெட்டுப்படுது. பாத்ரூம் கதவு பூட்டிக் கிடக்கு. எப்ப தட்டினாலும், இப்பதான் உள்ள வந்தனான் எண்டுதான் பதில் வருது."

மண்டபமே தட்டினது. கண்ணைத் திறந்தன். ஐயா மட்டும் தட்டேல்லை. அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பேரும் ஒரே வீட்டுக்குள்ள," எண்டு சொல்லி முடிச்சிட்டு இறங்கிட்டன். பத்து நிமிசத்தில ரெண்டு நிமிசம்தான் போயிருக்கும்.

அந்தக் கவிஞர் வந்து என்ர கையைப் பிடிச்சார். "பிள்ளை, படுத்திருக்கிற அந்த மனிசன் எங்கட சமூகம்தானே?"

"ஓம் ஐயா," எண்டன். வேற என்ன சொல்ல?

பிறகு குலசிங்கம் ஐயா வந்தார். எனக்குப் பின்னால எங்கட வீட்டு ஆக்கள் எல்லாரும் கையில ரோல்ஸோட நிண்டவை. அவையளை ஒருக்காப் பார்த்தார். "ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க வாசிச்சனீரோ?"

"ஓம் ஐயா. ரெண்டு தரம்."

"அப்ப நாளைக்குக் காலமை நான் ஏன் வாறன் எண்டு தெரிஞ்சிருக்கும்."

வீட்டை வந்த உடனே புத்தகத்தை எடுத்தன். ஒன்பதாம் அத்தியாயத்தின்ர முதல் வசனம், 'கொட்டாஞ்சேனையில் எனக்கொரு வீடு இருந்தது.' கடைசி வசனம், 'அதன் பின் நான் நிம்மதியாக உறங்கினேன்.' சனிக்கிழமை இந்த ரெண்டு வசனத்தை மட்டும் பார்த்திட்டுத்தான் விரல் தாண்டிப் போனது. இப்ப இடையில இருந்ததை வாசிச்சன். அந்த வீட்டு வாசலில செருப்புகளை எண்ணி, உள்ள மேலதிகமா ஆக்கள் இருக்கினம் எண்டு கண்டுபிடிச்சு, வாடகைக்கு இருந்தவையை ஐயா அந்த மாதமே வீட்டை விட்டு எழுப்பினவராம்.

புத்தகத்தை மூடி வைச்சன். மகளின்ர பள்ளிக்கூடம், எங்கட ரெண்டு பேரின்ர வேலை, எல்லாம் இந்த ஒழுங்கையைச் சுத்தித்தான். இந்த வாடகைக்கு இனி எங்க போறது? பகிடி இல்லை, இருந்து அழுதன்.

காலமை செருப்பு எல்லாத்தையும் அள்ளி பாத்ரூமுக்குள்ள போட்டம். சித்தியையும் பெட்டையளையும் கடற்கரைப் பக்கம் அனுப்பினம். சித்தப்பாவை மட்டும் அசைக்க ஏலேல்லை. "வெளிநாடு போற ஆள் நான். ஒளிச்சு விளையாடச் சொல்லுறியோ?" எண்டு கேட்டிட்டுச் சோபாவில சரிஞ்சிட்டார்.

பெல் அடிச்சது. ஐயா வெறும் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேரா உள்ள வந்து சோபாவுக்கு முன்னால நிண்டார்.

"இவர்தானோ அந்த ஆள்?"

"ஓம், நான்தான்," எண்டார் சித்தப்பா, படுத்தபடியே. "நல்ல வெளியீடு. ரோல்ஸ்தான் கொஞ்சம் உறைப்பு."

"ஐயா, எல்லாரையும் அனுப்பிறன், ஒரு கிழமை தாங்கோ..." எண்டு நான் தொடங்க, அவர் கையைக் காட்டி நிப்பாட்டிட்டுக் கதிரையில இருந்தார்.

"பிள்ளை, விடிஞ்சதில இருந்து போன் வந்தபடி. என்ர ஏழு குளத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாருக்கும் அந்தச் சோபா மனிசன்தான் வேணும். எத்தினையாம் பக்கத்தில வாறார் எண்டு கேக்கினம். அது எங்கட சமூகத்தின்ர குறியீடாம். கொண்டு வந்த புத்தகம் முழுக்க வித்துப் போச்சு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் ஐயா?"

"ஆழமா வாசிச்சா விளங்கும் எண்டன்."

பையில இருந்து அக்ரிமெண்டை எடுத்து மேசையில வைச்சார். கையெழுத்து ஏற்கனவே போட்டிருந்தது. நாலு பேர் எண்ட இடத்தில ஏழு எண்டு திருத்தியிருந்தார். எஞ்சினியர் எல்லே, கணக்குப் பிழைக்கேல்லை.

"ரெண்டு நிபந்தனை," எண்டார். "இப்பிடி ஒரு மனிசன் உண்மையில இருக்கிறார் எண்டு வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. மற்றது, ரெண்டாம் பாகம் அச்சில இருக்கு. அறுநூறு பக்கம். நயவுரை நீர்தான்."

ரெண்டாம் பாகம் கைக்கு வந்திட்டுது. இந்த முறை விரலும் இல்லை, வீடியோவும் இல்லை. ஒபிஸால வந்து, தேத்தண்ணியை ஊத்தி வைச்சிட்டு, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லா வாய்விட்டு வாசிக்கிறன்.

சோபாவில இருந்து ஒரு குரல் வருது: "மெல்ல வாசி பிள்ளை. சமூகம் நித்திரை கொள்ளுது."