நடு ரகத்துக்கு ஒரு சர்வீஸ் குறைவு

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், ஓர் ஆளை ஏற இறங்கப் பார்த்து மூன்று நொடியில் அவர் என்ன ரகம் என்று சொல்லி, சொன்னதைக் கடைசிவரை மாற்றாதவர் ஒருவர்தான். அவர் பெயர் சல்லடை. பெற்றோர் வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். ரேஷன் கார்டில்கூட இருக்கலாம். ஆனால் போனை எடுத்ததும் அவரே "சல்லடை பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் நாங்கள் யாரும் மேற்கொண்டு விசாரணை நடத்தவில்லை.

குன்னத்தில் அவருக்குச் சின்ன வெங்காய மண்டி. கொண்டுவருகிறவர்கள் மூட்டையின் வாய்ப்பக்கம் பருத்த வெங்காயமாக அடுக்கி, பொடிசுகளை நடுவில் ஒளிப்பது வழக்கம். சல்லடை மேலே பார்க்கவே மாட்டார். முழங்கை வரை கையை மூட்டைக்குள் விட்டு நடுவயிற்றிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். விரித்துப் பார்த்துவிட்டு, "மேல மாப்பிள்ளை, உள்ள மாப்பிள்ளையோட தம்பி" என்பார். அதற்கப்புறம் மூன்று குவியல்கள்: முதல் ரகம், நடு ரகம், பொடி. அவர் குவியலில் போட்டது போட்டதுதான். அழுதாலும் மாறாது.

இப்படிப்பட்டவர் எங்கள் மணல் வாலிபால் லீக்குக்குத் தர நிர்ணய அதிகாரி ஆனது என்னால்தான். அந்தப் பழியை நான் மறுக்கவில்லை.

அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நாற்காலி தேய்த்து ஓய்வுபெற்ற என்னிடம், உடம்பை அசைக்கச் சொல்லி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் ஊர்க்காரர்கள் சிலர், மூடிக்கிடந்த ஒரு பருத்திக் கிடங்கின் பின்னால் மணல் கொட்டி வாலிபால் ஆட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பகுதியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அரியலூர் சுண்ணாம்புப் பாறையில் கல்லாய்ப்போன நத்தைகள் சாட்சி. அந்தக் கடல் எங்களைக் கேட்காமலே போய்விட்டதால் மணலை நாங்கள்தான் வாங்க வேண்டியிருந்தது. மணல் லாரிக்கான நடைச்சீட்டு உட்பட எல்லாக் காகிதமும் இன்றும் என் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அந்த மணலிலிருந்த கருவேல முள், கிளிஞ்சல், பீங்கான் துண்டு எல்லாவற்றையும் நான்கு நாள் உட்கார்ந்து சலித்துப் பிரித்தவர் சல்லடை.

முதல் மாதம் ரகம் எதுவும் கிடையாது. யாரும் யாரோடும் ஆடலாம். கல்லூரி அணியில் ஆடிய ஒருவர் அடித்த ஸ்மாஷ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் கண்ணாடியை மூக்கிலேயே மடக்கியது. வாத்தியார் அத்துடன் கேரம் போர்டுக்கு மாறிவிட்டார். விதிமுறை இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு விதிகள், இரண்டு இணைப்புகளுடன் ஒரு தொகுப்பை எழுதி முடித்தேன். அணிக்கு இருவர், இருவரும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். நடுவர் கிடையாது, வலையைத் தொட்டவர் தானே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லைக் கயிற்றைத் தொட்ட பந்து உள்ளே விழுந்ததாகக் கொள்ளப்படும். திறன்நிலைகளுக்கு விளக்கமும் கொடுத்திருந்தேன். தொடக்கநிலை ஆட்டக்காரர் என்பவர், "பந்து தம்மை நோக்கி வருவதை உணர்ந்தும் ஏதும் செய்ய இயலாதவர்."

இருபது பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன். அதை முழுக்கப் படித்தவர் சல்லடை ஒருவர்தான். மறுநாளே வந்து, பதினேழாம் விதியும் முப்பதாம் விதியும் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன என்றார். இடித்தது உண்மைதான். என் பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய எதையும் எவரும் பதினேழாவது பத்தி வரை படித்ததில்லை. அந்த நிமிடமே ரகம் பிரிக்கும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

"இந்தத் தொடக்கநிலை, இடைநிலையெல்லாம் வாயில நுழையாதுங்க சார்" என்றார். "பொடி, நடு ரகம், முதல் ரகம். அவ்வளவுதான்."

முதலில் அவர் ரகம் பிரித்தது தன்னைத்தான். அவர் எம்பிக் குதித்தால் காலுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியைச் செருகலாம்; படுக்கவைத்துத்தான் செருக வேண்டும். "பொடி" என்று தன் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார். அடுத்து என் மணிக்கட்டைப் பிடித்து, வெங்காயத்தின் கழுத்து காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல இரண்டு விரலால் அழுத்தினார். "பொடி" என்றார். அந்தப் பட்டியலில் என் பெயர்கூட இல்லை. "சார்" என்றுதான் இருந்தது.

எனக்கு அது உறைத்த காரணம் வேறு. என் அலுவலகத்தில் எனக்குக் கீழே இளநிலை உதவியாளராக இருந்த தங்கராசு, நடு ரகம். இருபது ஆண்டுகள் என் மேசைக்கு முன்னால் கோப்போடு நின்றவர், இப்போது கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, "சார், முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க சார்" என்று எனக்குக் குறிப்பாணை பிறப்பித்துக்கொண்டிருந்தார். எப்படியாவது நடு ரகத்துக்குப் போவது என்று அன்றே முடிவு செய்தேன்.

சல்லடையின் புகழ் பரவியது பூலாம்பாடிக்காரர்களால். பொடிப் பிரிவுக்கு ஓர் ஆளைப் பதிவு செய்ய அழைத்துவந்தார்கள். மச்சான் முறையாம், பந்தையே தொட்டதில்லையாம், உடம்பு இளைக்கத்தான் வந்திருக்கிறாராம். மச்சான் கூச்சத்தோடு நின்றார். சல்லடை ஊர் நிலவரம், மழை நிலவரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, பேச்சின் நடுவில் மடியிலிருந்த ஒரு வெங்காயத்தை எடுத்து அவர் மேல் விசிறினார். பழகாதவர் என்றால் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார், அல்லது குனிந்துகொள்வார். மச்சானின் இரு முன்கைகளும் தாமாகச் சேர்ந்தன, முட்டி தானாக மடங்கியது, வெங்காயம் அழகாக மேலே எழும்பிச் சல்லடையின் கைக்கே திரும்பி வந்தது.

"முதல் ரகம்" என்று எழுதிக்கொண்டார் சல்லடை.

பூலாம்பாடிக்காரர்கள் வாதாடவில்லை. ஒருவர் மட்டும் போகும்போது, "ஏங்க, வெங்காயத்த வச்சா டெஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படி ஊரையே பிரித்தவருக்கு ஜோடி சேர ஆள் கிடைக்கவில்லை. காரணம், அவர் தன் அணிக்கு எதிராகவே கை தூக்குவார். எதிரணி கவனிக்காத தவறைக்கூடக் கூப்பிட்டுச் சொல்வார். ஜோடிக்காரரின் முழங்கை வலையில் உரசினால் அதற்கும் இவர்தான் கை தூக்குவார். ஒரே மாதத்தில் மூன்று பேர் விலகினார்கள். மூன்றாமவர் ஆட்டத்தின் நடுவிலேயே, பதினெட்டுக்குப் பதினேழு என்று முன்னணியில் இருந்தபோதே, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உடையார்பாளையம் போய்விட்டார். செருப்புகூட எங்களிடம்தான் கிடந்தது.

மிஞ்சியது நான். எனக்கு அது சிரமமாகத் தெரியவில்லை. தனக்கு எதிராக விதியைப் பிரயோகித்த ஒருவரை நான் பணியில் இருந்தவரை பார்த்ததில்லை என்பதால், வேடிக்கை பார்க்கவாவது நிற்போமே என்று நின்றேன்.

ஒரு மாலை, உடையார்பாளையம் அணியோடு ஆட்டம். சல்லடை எப்போதும் வேட்டியை மடித்துக் கட்டித்தான் ஆடுவார். எம்பினார், ஆள் வலையைத் தொடவில்லை, வேட்டியின் ஓரம் தொட்டது. உடனே கை தூக்கிவிட்டார். அந்த அதிர்ச்சியில் வேட்டி அவிழ்ந்து வலையிலேயே தங்கிவிட்டது. கீழே கால்சட்டை இருந்தது. இருந்தாலும் கூட்டம் கலகலத்தது. அவர் அசையாமல் கை தூக்கியபடியே என்னைப் பார்த்து, "சார், வேட்டி ஆட்டக்காரரைச் சேர்ந்ததா, இல்லையா? ரூலிங் சொல்லுங்க" என்றார்.

நான் அங்கேயே தீர்ப்பு வழங்கினேன். இடுப்பில் இருக்கும்வரை வேட்டி ஆட்டக்காரரின் அங்கம். அவிழ்ந்தபின் அது வெளிப்பொருள். தொட்ட கணத்தில் இடுப்பில் இருந்ததால் புள்ளி எதிரணிக்கு. அதில் நாங்கள் தோற்றோம். சல்லடை வேட்டியைக் கட்டிக்கொண்டே, "தெளிவா இருக்குங்க சார்" என்று மகிழ்ந்தார். அது நாற்பத்திரண்டாம் விதியாகச் சேர்க்கப்பட்டது.

ஆனால் நடு ரகத்தை நான் மறக்கவில்லை. இருபத்தாறாம் விதிப்படி, பருவ முடிவில் யார் வேண்டுமானாலும் மேல்ரகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பத்து சர்வீஸில் எட்டு உள்ளே விழ வேண்டும். மூன்று மாதம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் குறி வைத்துப் பழகினேன். "ரிடயர் ஆனவங்க கோயில் குளம்னு போறாங்க. நீங்க டேங்க்க ஒடைங்க" என்றாள் மனைவி. தொட்டியின் மூடி ஒன்று பலியானதைத் தவிர வேறு சேதமில்லை.

தேர்வு நாள். தங்கராசு உட்படப் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். சல்லடை கயிற்றுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து எண்ணினார். ஒன்பது முடிந்தபோது ஏழு உள்ளே. பத்தாவதை அடித்தேன். பந்து வலையைத் தாண்டி, இறங்கி, கடைக்கோடிக் கயிற்றின் மேலேயே விழுந்தது. கயிறு துள்ளியதை இந்த முனையிலிருந்து நான் பார்த்தேன்.

"அவுட்" என்றார் சல்லடை.

கயிற்றைத் தொட்டால் உள்ளே என்றேன். ஒன்பதாம் விதி என்றேன். கயிறு ஆடியதைச் சுட்டிக் காட்டினேன்.

"காத்துல ஆடிச்சுங்க சார்" என்றார், என்னைப் பார்க்காமல்.

காற்றா! பக்கத்து மக்காச்சோளக் காட்டில் ஒரு தோகைகூட அசையவில்லை. மூட்டையின் நடுவயிற்றில் கிடக்கும் வெங்காயத்தைக் கண்ணால் பார்க்காமலே சொல்கிறவர், கண்ணெதிரே விழுந்த பந்தைப் பார்க்கவில்லையாம்.

வீட்டுக்குப் போய் மூன்று பக்கத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மண்டிக்குக் கிளம்பியபோது வழியில் தங்கராசு வண்டியை நிறுத்தினார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பந்து உள்ளதான் சார் விழுந்துச்சு. எல்லாருந்தான் பாத்தோம்" என்றார்.

"பிறகு ஏனய்யா யாரும் வாயைத் திறக்கவில்லை?"

தங்கராசு வண்டியை அணைத்தார். "நீங்க நடு ரகத்துக்கு வந்துட்டா அவருகூட யாரு சார் ஆடுவா? ரெண்டு பேரும் ஒரே ரகமா இருக்கணும்னு எழுதுனது நீங்கதான."

எழுதியது நான்தான். நான்காம் விதி.

மண்டியில் சல்லடை தரையில் உட்கார்ந்து ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ சொல்லி அனுப்பினார். என் கையிலிருந்த காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: முதல், நடு, பொடி. ஓட்டத்தில் நல்ல உருண்டையான வெங்காயம் ஒன்று பொடிக் குவியலில் போய் விழுந்தது. இரண்டாண்டுகள் அவரோடு பழகியதில் எனக்கும் கொஞ்சம் ரகம் பிடிபட்டிருந்தது.

"அது நடு ரகமாச்சே" என்றேன்.

அவர் கை நின்றது. அந்த வெங்காயத்தைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"தெரியுதுங்க சார்" என்றார். "அதுபாட்டுக்கு அங்கேயே கெடக்கட்டும்."

டீ வந்தது. குடித்தோம். மூன்று பக்கங்களையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டாம் விதிப்படி, மேல்முறையீட்டுக்கு அவகாசம் முப்பது நாள். ஒரு நாள் தாமதமானாலும் ஏற்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். முப்பத்தோராம் நாள் காலை மணலுக்குப் போனபோது, சல்லடை எனக்கு முன்பே வந்து எல்லைக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவரும் நாள் எண்ணியிருக்கிறார் போல. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருந்தார். கயிற்றின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். காற்றுக்கு ஆடாதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.