ஒரே மாப்பிள்ளையும் ஒரு புட்டிக் கண்ணீரும்

பல்லடம் மண்ணை இனி மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். வாட்ஸ்அப்பைத் திறந்த அடுத்த நிமிடமே எடுத்தேன்.

என் மனைவி கீதாவின் தம்பி சபரீஷ் பல்லடத்தில் புது வீடு கட்டியிருக்கிறான். புண்ணியார்ச்சனைக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, எனக்கு அழைப்பு வந்திருந்தது. படமாக! கீழே கும்பிடு போடும் இரண்டு மஞ்சள் கைகள். அந்த வீட்டுக்கு நான் ஒரே மாப்பிள்ளை. கோயமுத்தூருக்கு நேரில் வந்து, தட்டில் வெத்தலை பாக்கு வைத்து, "நீங்கதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும் மாமா" என்று சொல்ல வேண்டிய இடம். அதே படத்தை அவன் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தான். அதாவது, எனக்கும், வீடு கட்டத் தண்ணி லாரி ஓட்டியவருக்கும் ஒரே மரியாதை.

கோபம் என்று சொன்னால் கீதா விடமாட்டாள். நல்லவேளை, என் கண் கெட்டிருந்தது.

கண்ணாடியைக் கழற்றி எறியும் ஆசையில் இரண்டு மாதம் முன்பு லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். பார்வை பளிங்கானது. கண்தான் காய்ந்துபோனது. இமைத்தால் உள்ளே மணல் அரைத்தது. கருவிழியில் அறுபட்ட நரம்புகள் மறுபடி வளரும்வரை கண்ணீர் குறைவாகத்தான் சுரக்கும், சில மாதத்தில் சரியாகும் என்றார் டாக்டர். அதுவரை செயற்கைக் கண்ணீர் என்று ஒரு சொட்டு மருந்து, மூடிய இமைமேல் வெதுவெதுப்பான துணி ஒத்தடம். புகை, தூசி, காற்று ஆகாது.

இதைவிட நல்ல சாக்கைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

"அம்மணி, நான் பல்லடம் வர முடியாது. டாக்டர் வேண்டாம்னுட்டாரு."

"ஊர்ப் பேரச் சொல்லியா வேண்டாம்னாருங்க?"

"காத்து ஆகாதுன்னாரு. காத்தாடி நட்டுக் கரண்டு எடுக்கற பக்கம் அது. அப்பறம் ஹோமப் புகை."

"மூஞ்சியத் திருப்பி உக்காந்துக்கலாமுங்க."

"புதுப் பெயிண்ட் வாசம்?"

"அது மூக்குக்குங்க."

"மூக்குக்கும் கண்ணுக்கும் உள்ளுக்குள்ள கனெக்சன் இருக்குது!"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க. உங்க கண்ணுதானுங்க முக்கியம். நான் தனியாவே போயிட்டு வாரேன்."

தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பேச்சுக்கும் அவள் இத்தனை சீக்கிரம் சரி சொன்னதில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவன் நான் மட்டும்தான்.

சாயங்காலம் ஒத்தடம் கொடுத்தாள். பக்குவமான சூடு. பிறகு மருந்துப் புட்டியை எடுத்தாள்.

"மேல பாருங்க. இமைக்காதீங்க."

ஒரு சொட்டு விட வேண்டிய இடத்தில் ஓடை விட்டாள். கன்னத்தில் இறங்கிக் கழுத்துக்குப் போனது.

"என்ன அம்மணி, புட்டியவே கவுத்துப்போட்ட?"

"வறண்ட பூமிங்க, தாராளமாத்தான் விடோணும். கொஞ்ச நேரம் கண்ண மூடிக்குங்க."

மூடிக்கொண்டேன். அவள் குரல் பஞ்சாக வந்தது. "ஏனுங்க, மனசுல எதாச்சும் குறை இருந்தாச் சொல்லுங்க. நம்மளுக்குள்ளதானுங்க."

இப்படி ஒரு குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மடை திறந்துவிட்டது.

"பின்ன என்ன கண்ணு? ஒரே மாப்பிள்ளைய வாட்ஸ்அப்புலயா கூப்புடறது? உன்ற தம்பி நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஹோமப் புகையென்ன, குண்டத்துக்குள்ளயே உக்காந்து நடத்தியிருப்பனே!"

"மாமா!"

கீதாவின் குரல் அல்ல. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த செல்போன். வீடியோ கால்! மருந்துக் கலங்கலில் சபரீஷ் தெரிந்தான். அவன் மனைவி லோகப்பிரியா தெரிந்தாள். மாமியார் மாரியாத்தாள் தெரிந்தார். முன்பின் பார்த்திராத ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய புது வீட்டைக் கட்டிவிட்டு ஏன் இப்படி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"மாமா, அழுவாதீங்க மாமா!"

"யாருடா அழுதா? இது மருந்து!"

"கேட்டியா கண்ணு?" மாமியார் மூக்கை உறிஞ்சினார். "அழுதத மறைக்கறதுக்கு மருந்துங்கறாரு. மாப்பிள்ளைக்கு எத்தன பெரிய மனசு!"

"அத்தை, சத்தியமா மருந்துங்க!"

"அண்ணா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க, எங்களுக்குத் தாங்கல," என்றாள் லோகப்பிரியா. துண்டுக்காரர் பலமாகத் தலையாட்டினார்.

"இதோ வந்துட்டோம் மாமா!" போன் அணைந்தது.

கீதாவைப் பார்த்தேன். அவள் புட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

பரவாயில்லை. பல்லடத்திலிருந்து பீளமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் காய்ச்சல் வரவழைத்துப் போர்த்திப் படுத்துவிடலாம். போர்வையைத் தேடி எழுந்தேன்.

காலிங் பெல் அடித்தது.

வாசலில் சபரீஷும் லோகப்பிரியாவும் வெத்தலைத் தட்டோடு நின்றார்கள். பின்னால் மாமியார். அவருக்கும் பின்னால், வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு அந்தத் துண்டுக்காரர். வாடகைக் கார் டிரைவராம்.

"பல்லடத்துலிருந்து அதுக்குள்ள எப்படிடா வந்தே?"

"பல்லடமா? நாங்க மத்தியானமே வந்துட்டமுங்க மாமா. நீங்க அழுது முடிக்கற வரைக்கும் கீழ கார்லயே உக்காந்திருக்கச் சொல்லி அக்காதான் சொல்லிப்போட்டாங்க."